சார்வாகாத நோட்டீஸ்: யூனிக்ஸ் சிக்னல்களின் கதை

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு வித்தியாசம் நன்றாகத் தெரியும். நோட்டீஸ் அனுப்பியது வேறு, நோட்டீஸ் சார்வானது வேறு. அனுப்புகைப் பதிவேட்டில் எண்ணும் தேதியும் போட்டு, தபால்தலை ஒட்டி அனுப்பிவிட்டால் அனுப்பியவர் வேலை முடிந்தது. ஆனால் அது உரியவர் கையில் சேர்ந்து, அவர் கையெழுத்திட்ட நகல் திரும்பி வந்து கோப்பில் ஏறினால்தான் அடுத்த நடவடிக்கை எடுக்கலாம். சார்வாகாத நோட்டீஸை வைத்துக்கொண்டு ஒருவர் வீட்டைக் காலி செய்யப் போனால் நீதிமன்றம் சும்மா விடாது.

பிரெஞ்சில் நோட்டீஸ் சார்வு செய்யும் நீதிமன்ற அலுவலருக்கு 'உயிஸியே' என்று பெயர். 'உயி' என்றால் பழைய பிரெஞ்சில் கதவு. அந்தச் சொல்லுக்கு முதல் பொருள் வாயிற்காவலர். நோட்டீஸ் கொடுப்பவர் என்ற பொருள் பிறகு வந்தது. வாசலில் நிற்பவரும் உரியவரிடம் காகிதத்தைச் சேர்ப்பவரும் ஒரே பெயரில் இருப்பது எனக்குப் பிடித்த விஷயம். இந்தக் கட்டுரைக்கும் அந்தச் சொல் உதவும். ஏனென்றால் கணினிக்குள்ளும் இதே நோட்டீஸ் விவகாரம் ஐம்பது ஆண்டுகளாக நடந்து வருகிறது. கடைசிப் பத்து, பன்னிரண்டு ஆண்டுகளில், வாசலில் தவறான ஆள் நின்றதால் பல இடங்களில் கணக்குகள் பாதியில் அறுந்தன.

இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் பலர் என்னைப் போல் ஓய்வு பெற்றவர்கள். கணினிச் சொற்களைப் பார்த்துத் தயங்க வேண்டாம். விஷயம் நமக்குப் பழகிய விஷயம்தான்.

மர்ரே ஹில்லில் தொடங்கியது

1969-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், மர்ரே ஹில் என்ற ஊரிலிருந்த பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் என்ற இயக்க முறைமையை உருவாக்கத் தொடங்கினார்கள். இன்று உலகின் பெரும்பாலான சர்வர் கணினிகளில் ஓடும் லினக்ஸ் அதன் வழி வந்தது. யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பரில் வந்தது.

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலுக்கு யூனிக்ஸில் 'பிராசஸ்' என்று பெயர். ஒவ்வொரு பிராசஸுக்கும் ஓர் எண் உண்டு. நம் ஊழியர் எண் மாதிரி. ஒரு பிராசஸ் இன்னொன்றைப் பெற்றெடுக்கும். ஆங்கிலத்தில் பெற்றோர், குழந்தை என்று பொதுவாகச் சொல்கிறார்கள். பிரெஞ்சுக் கையேடுகளில் அது தகப்பன் பிராசஸ், மகன் பிராசஸ். தகப்பன், மகன் என்று படித்தால் வாரிசு விவகாரங்களெல்லாம் சீக்கிரம் புரிந்துவிடுகிறது.

ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸுக்கு வெளியிலிருந்து ஒரு செய்தி சொல்ல வேண்டுமானால் என்ன செய்வது? அதற்குத்தான் சிக்னல். அது கடிதம்கூட இல்லை, வெறும் எண். 1971 கையேட்டில் இது இன்னும் ஒழுங்குபடவில்லை. தட்டச்சு இயந்திரம் போன்ற டெலிடைப்பில் உட்கார்ந்திருப்பவர் ஒரு விசையை அழுத்தி நிரலை நிறுத்துவதற்கு ஓர் ஏற்பாடு, வேறு விசையை அழுத்தி அடியோடு விட்டுவிடச் சொல்வதற்கு இன்னோர் ஏற்பாடு என்று தனித்தனியாக இருந்தது. 1973 நவம்பரில் வந்த 4-ஆம் பதிப்பில் எல்லாவற்றையும் ஒரே தலைப்பின் கீழ் கொண்டுவந்து வரிசை எண் கொடுத்தார்கள்.

அந்தப் பட்டியலைப் பார்த்தால் அந்தக் காலத்து அறையே கண்ணுக்குத் தெரியும். எண் 1, ஹேங்-அப். டெலிடைப் தொலைபேசி இணைப்பு வழியாகக் கணினியோடு பேசிய காலம். எதிர்முனையில் லைனைத் துண்டித்துவிட்டால் நிரலுக்குப் போகும் செய்தி இது. எண் 2, இடைமறிப்பு. எண் 3, விட்டுவிடு. இது வந்தால் நிரல் தன் நினைவகத்தை அப்படியே 'கோர்' என்ற பெயரில் ஒரு கோப்பாக எழுதிவைத்துவிட்டுச் சாகும். அன்றைய நினைவகம் சிறு சிறு ஃபெரைட் வளையங்களால் ஆனது, அந்த வளையத்துக்குப் பெயர் கோர். வளையங்கள் போய்ப் பல காலம் ஆகியும் கோப்பின் பெயர் மாறவில்லை.

எண் 9, கில். கொல். மற்ற சிக்னல்கள் வந்தால் நிரல் தனக்கென்று ஒரு பதில் நடவடிக்கை வைத்துக்கொள்ளலாம், அல்லது காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்கலாம். அந்தப் பட்டியலில் 9 மட்டும் அப்படி இல்லை. அதைப் பிடிக்கவும் முடியாது, புறக்கணிக்கவும் முடியாது. சரியாகச் சொன்னால் அது நிரலுக்குப் போய்ச் சேர்வதே இல்லை. கெர்னல் என்னும் இயக்க முறைமையின் உட்கருவே அந்த நிரலை எடுத்துவிடுகிறது. நிரலுக்குத் தான் செத்ததே தெரியாது. கையிலிருந்த பேரேட்டில் பாதி வரி எழுதியிருந்தால் பாதி வரியோடு நிற்கும்.

சிக்னல் அனுப்பும் கட்டளைக்கும் 'கில்' என்றே பெயர். முதலில் அதற்குக் கொல்வது ஒன்றே வேலை. பின்னால் எந்த எண்ணையும் கொண்டுபோகும் தபால்காரனாக ஆகிவிட்டது, பெயர் மட்டும் பழையபடி நின்றுவிட்டது.

15 வந்தது

1975-இல் வந்த 6-ஆம் பதிப்பு வரை, எண் எதுவும் சொல்லாமல் கில் என்று கட்டளையிட்டால் 9 என்றே பொருள். 1979-இல் வந்த 7-ஆம் பதிப்பில் ஒரு மாற்றம் செய்தார்கள். 15 என்று ஒரு புது எண்ணைச் சேர்த்து, கில் என்று மட்டும் சொன்னால் இனி 15 போகும் என்றார்கள். 9 வேண்டுமானால் வாய்விட்டு 9 என்று சொல்ல வேண்டும்.

15-இன் பொருள் 'முடித்துக்கொள்'. இதை நிரல் பிடிக்கலாம். பிடித்து, எழுதிக்கொண்டிருந்த வரியை முடித்து, கோப்பை மூடி, தற்காலிகக் காகிதங்களைக் கிழித்துப் போட்டு, வாசலில் நிற்பவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டுப் போகலாம். ஓர் எண் மாறியதுதான். ஆனால் நோட்டீஸ் இல்லாமல் வெளியேற்றுவது வழக்கமாக இருந்த இடத்தில் நோட்டீஸ் கொடுப்பது வழக்கமாயிற்று. அதற்குப் பிறகு கணினியை அணைக்கும்போதும் இதே முறை: முதலில் எல்லோருக்கும் 15, சில விநாடி பொறுத்து, இன்னும் போகாதவர்களுக்கு 9.

அதே 7-ஆம் பதிப்பில் ஸ்டீபன் போர்ன் எழுதிய புதிய ஷெல் வந்தது. ஷெல் என்பது நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் நிரல். கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதிக் கொடுத்தாலும் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றும். அந்தக் கோப்புதான் ஸ்கிரிப்ட். இந்த யோசனைக்கு மூலவர் ஒரு பிரெஞ்சுக்காரர். லூயி பூஸேன் என்ற பொறியாளர் 1960-களின் முற்பகுதியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வேலை பார்த்தபோது, கட்டளைக் கோப்பை ஓட்டுவதற்கு 'ரன்காம்' என்று ஒரு நிரல் எழுதினார். 'ஷெல்' என்ற பெயரை வைத்தவரும் அவரே. இன்றும் லினக்ஸில் பல அமைப்புக் கோப்புகளின் பெயர் 'ஆர்சி' என்று முடிகிறதே, அது ரன்காமின் சுருக்கம். பிரெஞ்சு வழியில் படித்தவனுக்கு இதில் கொஞ்சம் சந்தோஷம் இருக்கத்தானே செய்யும்.

போர்னின் ஷெல்லில் 'டிராப்' என்று ஒரு கட்டளை இருந்தது. 'இந்த எண் சிக்னல் வந்தால் இதைச் செய்' என்று ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதிவைக்கலாம். நோட்டீஸ் வாங்கிக் கையெழுத்துப் போட ஓர் ஆளை உட்கார வைப்பது போல.

ஒரு குறை மட்டும் இருந்தது. 7-ஆம் பதிப்பில், ஒரு சிக்னலைப் பிடித்தவுடன் அந்த ஏற்பாடு ரத்தாகிவிடும். நிரல் திரும்பப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்த இடைவெளியில் அதே எண் இன்னொரு முறை வந்தால் நிரல் செத்துப்போகும். பெர்க்லி பல்கலைக்கழகத்தார் 1983-இல் வெளியிட்ட 4.2 பி.எஸ்.டி. பதிப்பில் இதைச் சரிசெய்தார்கள். 1988-இல் வந்த போசிக்ஸ் தரநிலை அதை எல்லோருக்கும் பொதுவான விதியாக்கியது.

தண்டோராவும் பதிவுத் தபாலும்

இங்கே ஒரு முக்கியமான வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். பின்னால் வரப்போகும் குழப்பத்துக்கு வேர் இதுதான்.

கணினியின் முன் உட்கார்ந்து கன்ட்ரோல்-சி அழுத்தினால் எண் 2 சிக்னல் போகிறது. யாருக்கு? அந்தத் திரையில் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும் குழு முழுவதற்கும். ஸ்கிரிப்ட், அது பெற்ற மகன், அவன் பெற்ற பேரன் எல்லோருக்கும் ஒரே நேரத்தில். இது தண்டோரா. தெரு முழுக்கக் கேட்கும். இப்படிக் குழு குழுவாகப் பிரிக்கும் முறையைச் செம்மைப்படுத்தியதில் ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே லாக்சன்பர்க்கில் உள்ள பன்னாட்டு ஆய்வு நிறுவனத்திலிருந்த ஜிம் கல்ப் என்பவருக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் வேலை பெர்க்லி வழியாக உலகுக்குப் போனது.

கில் கட்டளை அப்படி இல்லை. அது ஓர் எண்ணுக்கு அனுப்பும் பதிவுத் தபால். அந்த எண்ணுக்கு உரியவருக்கு மட்டும் போகும். அவர் தன் மகனுக்குச் சொல்வாரா இல்லையா என்பது தபாலின் பொறுப்பு இல்லை. ஸ்கிரிப்டுக்கு 15 அனுப்பினால் சாதாரணமாக ஸ்கிரிப்ட் சாகும். அது தொடங்கிவைத்த நிரல் எதுவும் தெரியாமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஸ்கிரிப்ட் எழுதியவர்களில் பெரும்பாலோர் திரை முன் உட்கார்ந்து எழுதி, திரை முன் உட்கார்ந்து சோதித்தவர்கள். கன்ட்ரோல்-சி அழுத்தினால் எல்லாம் நின்றது. ஆகவே சிக்னலை மகனுக்குக் கடத்துவது தங்கள் வேலை என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. தண்டோரா இருக்கும் ஊரில் தபால்காரன் குறை வெளியே தெரியாது.

எண் 1 என்னும் நாற்காலி

யூனிக்ஸில் கணினி இயங்கத் தொடங்கியதும் கெர்னல் முதலில் தொடங்கிவைக்கும் பிராசஸுக்கு 'இனிட்' என்று பெயர். அதன் எண் 1. மற்ற எல்லோரும் அதன் வம்சம்.

இந்த நாற்காலிக்குச் சில கடமைகள் உண்டு. தகப்பன் செத்துப்போன மகன்களை எண் 1 தத்தெடுக்க வேண்டும். அடுத்து, இறந்தவர்களின் கணக்கை முடிக்க வேண்டும். ஒரு பிராசஸ் முடிந்ததும் அதன் முடிவு எண்ணைத் தகப்பன் வந்து கேட்டு வாங்கிக்கொள்ளும் வரை பதிவேட்டில் அதன் பெயர் நீடிக்கும். உயிர் இல்லை, வரி மட்டும் இருக்கிறது. அதற்கு 'ஸோம்பி' என்று பெயர். ஓய்வூதியப் பட்டியலில் இறந்தவர் பெயரை நீக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். பதிவேட்டில் இடம் தீர்ந்தால் புதியவரைச் சேர்க்க முடியாது.

கடமைகளுக்கு ஈடாக ஒரு சலுகையும் உண்டு. எண் 1 செத்தால் கணினியே நின்றுவிடும். அதனால் லினக்ஸ் கெர்னல் அதற்குப் பாதுகாப்புக் கொடுக்கிறது. எந்தச் சிக்னலுக்குத் தன்னிடம் பதில் இருக்கிறது என்று எண் 1 முன்கூட்டிப் பதிவு செய்திருக்கிறதோ, அது மட்டும் அதனிடம் போகும். பதிவு செய்யாத சிக்னல்களைக் கெர்னல் வாசலிலேயே போட்டுவிடும். மற்றவர்களுக்கு 15 வந்து, பதில் ஏற்பாடு இல்லாவிட்டால் மரணம். எண் 1-க்கு அதே 15 வந்து, பதில் ஏற்பாடு இல்லாவிட்டால் ஒன்றுமே நடக்காது.

தகுந்தவர் அந்த நாற்காலியில் இருக்கும் வரை இது நல்ல விதி.

பெட்டிகள் வந்தன

1956-இல் மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்கர் 58 சரக்குப் பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். உள்ளே என்ன இருக்கிறது என்று கிரேனுக்குத் தெரிய வேண்டியதில்லை, பெட்டி ஒரே அளவில் இருந்தால் போதும் என்பதுதான் யோசனை. மென்பொருளிலும் இதே யோசனை வந்தது. ஒரு நிரலையும் அதற்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு மூடி, எந்தக் கணினியிலும் இறக்கி ஓட்டலாம். அதுதான் கன்டெய்னர்.

இது ஒரே நாளில் வந்ததில்லை. ஒரு நிரலுக்குக் கோப்புகளின் ஒரு பகுதியை மட்டும் காட்டி மற்றதை மறைக்கும் 'சிரூட்' வசதி 7-ஆம் பதிப்பிலேயே உண்டு. 2000-இல் ஃப்ரீ பி.எஸ்.டி.யில் 'ஜெயில்' வந்தது. 2008 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 2.6.24-இல், பெட்டிக்குள் இருப்பவர்களுக்குத் தனியாக எண் வரிசை கொடுக்கும் வசதி சேர்ந்தது. அந்த வரிசை மறுபடியும் 1-இலிருந்து தொடங்கும். பெட்டிக்குள் முதலில் நுழைபவர் யாரோ அவரே அங்கே எண் 1. கடமையும் சலுகையும் அவருக்கே.

2013 மார்ச்சில் கலிபோர்னியாவின் சான்டா கிளாராவில் நடந்த பைத்தான் மாநாட்டில், சாலமன் ஹைக்ஸ் என்பவர் சில நிமிட உரையில் 'டாக்கர்' என்ற கருவியைக் காட்டினார். அவர் பிரான்சில் வளர்ந்து, பாரிஸ் பக்கத்தில் எபிடெக் என்ற கல்லூரியில் படித்தவர். கன்டெய்னர் செய்வதை ஒரு சாதாரண நிரலர் பத்து வரியில் முடிக்கும் காரியமாக டாக்கர் ஆக்கியது. இரண்டு, மூன்று ஆண்டுகளில் உலகமே பெட்டிகளில் ஏறியது.

அந்தப் பத்து வரியில் கடைசி வரி, பெட்டி திறந்ததும் எதை ஓட்டுவது என்பது. பலர் அங்கே ஒரு ஸ்கிரிப்டின் பெயரை எழுதினார்கள். ஸ்கிரிப்ட் முதலில் சில அமைப்புகளைச் சரிபார்க்கும், பிறகு உண்மையான நிரலைத் தொடங்கும். பார்க்க ஒழுங்கான ஏற்பாடு. ஆனால் இதன் விளைவு, ஸ்கிரிப்டை ஓட்டும் ஷெல் எண் 1 ஆகிறது. உண்மையான நிரல் எண் 7-ஓ 8-ஓ ஆகி உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

பத்து விநாடி

டாக்கரிடம் ஒரு பெட்டியை நிறுத்து என்று சொன்னால் அது பழைய மரபுப்படியே நடக்கிறது. எண் 1-க்கு 15 அனுப்புகிறது. 10 விநாடி காத்திருக்கிறது. இன்னும் நிற்கவில்லையென்றால் 9. பெட்டிகளைக் கூட்டம் கூட்டமாக நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் என்ற அமைப்பில் அந்த அவகாசம் 30 விநாடி.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 ஷெல்லுக்குப் போகிறது. ஷெல் அதற்கென்று எந்த ஏற்பாடும் பதிவு செய்யவில்லை. அது எண் 1 ஆகையால் கெர்னல் சிக்னலை வாசலில் போட்டுவிடுகிறது. உள்ளே வேலை செய்யும் நிரலுக்கு ஒரு தகவலும் இல்லை. அது நிம்மதியாக எழுதிக்கொண்டிருக்கிறது. பத்தாவது விநாடி முடிந்ததும் வெளியிலிருந்து 9 வருகிறது. வெளியிலிருந்து வரும் 9-க்கு எண் 1-இன் சலுகை செல்லாது. எண் 1 செத்ததும் விதிப்படி பெட்டிக்குள் இருக்கும் எல்லோரையும் கெர்னல் 9 கொடுத்தே முடிக்கிறது. நோட்டீஸ் போனதாக அனுப்பியவரின் பதிவேட்டில் இருக்கும். உரியவருக்குச் சார்வாகவில்லை. வீடு இடிக்கப்பட்டது.

என் தங்கை மகன் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் இதே தகராறு சில வாரம் நடந்தது. கடைகளின் அன்றாட விற்பனையைத் தொகுத்துக் கோப்பாக எழுதும் ஒரு நிரல். மென்பொருளைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கோப்பு பாதியில் நின்றது. "எல்லாம் 137-லயே முடியுது மாமா. மெமரி பத்தலைன்னு சொல்லி மெமரிய ஏத்திக்கிட்டே போறாங்க, அப்பவும் 137" என்றான். 137 என்பது 128-ம் 9-ம். சிக்னலால் செத்த நிரலின் முடிவு எண்ணை 128-ஐக் கூட்டிச் சொல்வது ஷெல்லின் பழைய வழக்கம். நினைவகம் பற்றாமல் கெர்னலே ஒரு நிரலைக் கொன்றாலும் 137-தான் வரும், அதனால் அவர்கள் சந்தேகம் நியாயமானதே. கடைசியில் உண்மையைக் காட்டியது எண் இல்லை, கடிகாரம். நினைவகம் பற்றாமல் செத்தால் நேரம் முன்பின் இருக்கும். இங்கே ஒவ்வொரு முறையும் சரியாகப் பத்து விநாடி. "யாரோ பத்து எண்ணிட்டுக் கொல்றாங்க மாமா" என்று அவன் சொன்னபோதுதான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க எனக்கு ஆர்வம் வந்தது.

ஒரு கோப்பு பாதியில் நின்றால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். அந்தப் பாதிக் கோப்பில் இல்லாத வரிகள் யாரோ ஒரு கடைக்காரரின் பணம். அடுத்த நாள் கணக்கில் அது வராது. அவர் தொலைபேசியில் கேட்டால், எதிர்முனையில் இருப்பவருக்குத் திரையில் தெரிவதைத்தான் சொல்ல முடியும். பதிவேட்டில் இல்லாத பணத்துக்கு ஒருவர் அலைவதை முப்பது வருடம் மேசைக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்திருக்கிறேன்.

சார்வு செய்யும் வழிகள்

பரிகாரம் எல்லாம் பழைய யூனிக்ஸ் பெட்டியிலிருந்தே எடுத்தவை.

முதல் வழி, 'எக்ஸெக்'. ஸ்கிரிப்டின் கடைசி வரியில் நிரலின் பெயருக்கு முன் இந்த ஒரு சொல்லைச் சேர்த்தால், ஷெல் மகனைப் பெறாமல் தானே அந்த நிரலாக மாறிவிடும். நாற்காலி அதே, எண் அதே, ஆள் மட்டும் மாற்றம். அதன் பிறகு 15 நேராக நிரலுக்கே போகும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் அதிகாரபூர்வ கன்டெய்னரில் தொடக்க ஸ்கிரிப்ட் இப்படித்தான் முடிகிறது. டாக்கரின் கடைசி வரியைச் சாதாரண வாக்கியமாக எழுதினால் இடையில் ஒரு ஷெல் வந்து உட்காரும். சதுர அடைப்புக்குள் பட்டியலாக எழுதினால் ஷெல் வராது. சில ஷெல்கள் ஒற்றைக் கட்டளை என்றால் தாமே விலகி வழிவிடும். அதை நம்பி இருக்காமல் பட்டியலாகவே எழுதுவது நல்லது.

ஆனால் நாற்காலியில் அமர்ந்த நிரலும் 15-க்குப் பதில் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும். பைத்தானில் எழுதிய ஒரு சாதாரண நிரல் வெளியே 15 வந்தால் நின்றுவிடும். பெட்டிக்குள் எண் 1 ஆனதும் அதே நிரல் 15-ஐக் கண்டுகொள்ளாது. சலுகை அதற்கும் கிடைத்துவிடுகிறது.

இரண்டாம் வழி, 'டிராப்'. நிரல் முடிந்தபின் ஸ்கிரிப்டுக்கு வேறு வேலை இருந்தால் எக்ஸெக் உதவாது, ஷெல் இருந்தாக வேண்டும். அப்போது 15 வந்தால் மகனுக்கும் 15 அனுப்பு என்று டிராப் எழுத வேண்டும். இதில் ஒரு நுணுக்கம். மகன் முன்னால் ஓடிக்கொண்டிருந்தால், அவன் முடியும் வரை ஷெல் டிராப்பை நிறைவேற்றாது. தலைமை எழுத்தர் வெளியே போயிருக்கிறார், வந்ததும் பார்ப்பார் என்ற கதை. அதற்குள் பத்து விநாடி போய்விடும். ஆகவே மகனைப் பின்னணியில் ஓடவிட்டு, ஷெல் 'வெயிட்' கட்டளையில் காத்திருக்க வேண்டும். வெயிட்டில் இருக்கும்போது சிக்னல் வந்தால் அது உடனே எழுந்துவிடும். மகனுக்குத் தகவல் சொன்னபின் இரண்டாம் முறை வெயிட் போட வேண்டும். இல்லையென்றால் மகன் கோப்பை மூடிக்கொண்டிருக்கும்போதே ஷெல் கிளம்பிவிடும், அதோடு பெட்டியே மூடிவிடும்.

மூன்றாம் வழி, வாசலுக்கென்றே ஓர் ஆளை வைப்பது. 2015 ஜனவரியில் ஃப்யூஷன் என்ற நிறுவனம், பெட்டிக்குள் சரியான எண் 1 இல்லாததால் ஸோம்பிகள் சேர்வதைப் பற்றி எழுதியது. அதன் பிறகு 'டினி', 'டம்-இனிட்' போன்ற மிகச் சிறிய நிரல்கள் புழக்கத்துக்கு வந்தன. இவை எண் 1-ஆக உட்கார்ந்து, ஒரே ஒரு மகனைத் தொடங்கி, வரும் சிக்னலை அவனுக்குக் கடத்தி, இறந்தவர்களின் கணக்கை முடித்துக்கொண்டிருக்கும். வேறு வேலை கிடையாது. 2017 ஜனவரியில் வந்த டாக்கர் 1.13, இந்த டினியைத் தன்னோடு சேர்த்தே கொடுத்தது. நான் முதலில் சொன்ன உயிஸியே இவர்தான்: வாயிற்காவலர், நோட்டீஸைச் சேர்ப்பவர், இரண்டும் ஒருவரே.

நான்காவதாக, எந்த நிரலுக்கு எந்த எண் என்று பார்த்து அனுப்புவது. போஸ்ட்கிரெஸுக்கு 15 அனுப்பினால், புதிய இணைப்புகளை மறுத்துவிட்டு, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் தாமாகப் போகும் வரை காத்திருக்கும். யாராவது போகாமல் உட்கார்ந்திருந்தால் பத்து விநாடி கடந்து 9 வந்துவிடும். எண் 2 அனுப்பினால் இருப்பவர்களை வெளியேற்றிவிட்டு முறையாக மூடும். இணைய சர்வரான என்ஜின்எக்ஸுக்கு 15 என்றால் சீக்கிரம் மூடு. எண் 3 என்றால் கையிலிருப்பதை முடித்துவிட்டு மூடு. இப்படி நிறுத்தும் எண்ணைப் பெட்டியிலேயே எழுதிவைக்கும் வசதியும் டாக்கரில் இருக்கிறது.

எண் 1, ஹேங்-அப் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தொலைபேசி லைனும் டெலிடைப்பும் போய்விட்டன. பின்னணியில் ஓடும் பல நிரல்கள் அந்த எண்ணை எடுத்து, 'அமைப்புக் கோப்பைத் திரும்பப் படி' என்ற பொருளைக் கொடுத்துக்கொண்டன. பழைய ரப்பர் முத்திரையை வேறு வேலைக்குப் பயன்படுத்துவது போல. 9-க்கு மட்டும் 1973-இல் கொடுத்த பொருளில் ஒரு மாற்றமும் இல்லை.

இதில் யாரும் புது விதி செய்து கெடுத்துவிடவில்லை. 15, 9 முறை சரி. எண் 1-க்குத் தந்த சலுகையும் சரி. பெட்டியும் நல்ல கண்டுபிடிப்பு. மூன்றும் சேர்ந்தபோது, நோட்டீஸ் வாங்கும் இடத்தில் அந்தக் கடமையை அறியாத ஒருவர் உட்கார்ந்துவிட்டார், அவ்வளவுதான்.

உங்கள் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இந்தத் துறையில் இருந்தால், அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். "உன் பெட்டிக்குள் எண் 1 யார்? நிறுத்தச் சொன்னால் உடனே நிற்கிறதா, இல்லை பத்து விநாடி கழித்து நிற்கிறதா?" பத்து விநாடி என்று பதில் வந்தால், உள்ளே யாரோ ஒருவருக்கு நோட்டீஸ் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.